ஒரே மாதத்தில் முடிந்த ஜி லீக் சீசனைக் கணக்கில் சேர்க்கலாமா?

அமெரிக்கக் கூடைப்பந்தின் பெரிய லீக்கான என்பிஏவுக்கு ஆள் வளர்க்கும் ஜி லீக்கின் 2020-21 சீசன் முப்பதே நாளில் முடிந்துவிட்டது, ஒவ்வொரு அணிக்கும் 15 ஆட்டம்தான், அரங்கில் ரசிகர்களும் இல்லை. அப்படியிருக்க அதில் ஜெயித்த லேக்லேண்ட் மேஜிக் அணியை மற்ற வருட சாம்பியன்களோடு ஒரே பட்டியலில் எழுதுவது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "அங்கே பிரமாதமாக ஆடினார்கள் என்று சொல்லப்படுபவர்களை எவ்வளவு நம்பலாம்?" எனக்கு அந்த இரண்டாவது வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. கோப்பை செல்லுமா என்பதற்கு ஒரு பத்தியில் பதில் சொல்லிவிடலாம். ஆட்களை வளர்ப்பதற்கென்றே நடத்தப்படும் ஒரு லீக்கின் சீசனை எதை வைத்து அளப்பது என்பதற்குத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பல வருடம் மாவட்ட அளவில் நடுவராக விசில் ஊதியவன், இப்போது பள்ளிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அந்த சீசன் நடந்த ஆர்லாண்டோவுக்குப் போனதில்லை. அந்த ஆட்டங்களைப் பார்த்ததெல்லாம் திரையில்தான். ஆகவே விதிகள், போட்டி அமைப்பு, புள்ளிவிவரம் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் மனதில் என்ன ஓடியது, ஒரு கிளப் ஏன் அப்படி முடிவெடுத்தது என்று நான் சொன்னால் அதை ஊகம் என்றே வையுங்கள்.

நடந்தது இதுதான். 2019-20 சீசன் கொரோனாவால் மார்ச் மாதம் நின்றது, ஜூனில் மொத்தமாக ரத்தானது, சாம்பியன் என்று யாரும் இல்லாமலே போனது. அடுத்த சீசனை வழக்கம்போல ஊர் ஊராக நடத்த வழியில்லை. அதற்கு முந்தைய கோடையில் என்பிஏ தன் சீசனை முடிக்கப் பயன்படுத்திய அதே இடத்தில், ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்ட் வளாகத்தில், எல்லோரையும் அடைத்து வைத்து ஆடுவது என்று முடிவானது. என்பிஏ அணிகளோடு இணைந்த 28 கிளப்புகளில் 17 வந்தன, 11 வரவில்லை. பதினெட்டாவதாக வந்தது இக்னைட் என்ற புது அணி. அதற்கு என்பிஏ கிளப் எதனுடனும் தொடர்பில்லை. கல்லூரிக்குப் போகாமல் நேராகச் சம்பளத்துக்கு ஆட விரும்பிய பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களுக்காக லீக்கே உருவாக்கிய அணி. 2021 பிப்ரவரி 10 அன்று ஆரம்பித்து, மார்ச் 11 அன்று இறுதி ஆட்டம். லேக்லேண்ட் மேஜிக் 97-78 என்று டெலவேர் புளூ கோட்ஸை ஜெயித்தது. இவ்வளவும் பதிவில் உள்ளது, இதில் சர்ச்சைக்கு இடமில்லை.

கோப்பை பற்றி. நம் ஊர்ப் போட்டிகளில் லீக்-கம்-நாக்அவுட் என்று போடுவோமே, அதே அமைப்புதான். முதலில் எல்லோருக்கும் 15 ஆட்டம், அப்புறம் முதல் எட்டு அணிகள், தோற்றால் வெளியே. லீக்கில் 12 வெற்றி, 3 தோல்வியோடு முதலிடம் பிடித்தது ராப்டர்ஸ் 905. அரையிறுதியில் அந்த அணியை வெளியே அனுப்பியது டெலவேர். "அப்படியானால் சிறந்த அணி சாம்பியன் இல்லையே" என்று நீங்கள் சொல்வீர்கள். சரி. ஆனால் இது அந்த வருடத்துக்கு மட்டும் உரிய குறை இல்லை. 2018, 2019 சீசன்களிலேயே ஜி லீக் பிளேஆஃபில் இறுதிக்கு முந்தைய சுற்றுகள் எல்லாம் ஒரே ஆட்டம்தான். இறுதி மட்டும் மூன்று ஆட்டத் தொடர். 2021இல் அந்தத் தொடரும் ஒரே ஆட்டமாகச் சுருங்கியது, அவ்வளவுதான் வித்தியாசம். என் பையன்கள் ஒருமுறை லீக் சுற்றில் ஒன்றுகூடத் தோற்காமல் வந்து அரையிறுதியில் ஒரு பாயிண்டில் போனார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஒருத்தனும் பேசவில்லை. அதற்காக ஜெயித்தவன் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. லேக்லேண்டின் பட்டம் செல்லும். "அந்த வருடத்தின் மிகச் சிறந்த அணி" என்ற பொருளில் மட்டும் அதைப் படிக்காதீர்கள்.

ஆனால் மற்ற சீசனோடு ஒப்பிடும்போது வேறு ஒன்று கணிசமாக மாறியிருந்தது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சாதாரணமாக ஜி லீக் சீசன் நவம்பரில் தொடங்கி வசந்தம் வரை ஓடும், 50 ஆட்டம். இந்த ஐந்து மாதத்தில் ஒரு நல்ல ஜி லீக் அணிக்கு என்ன ஆகும்? அதன் சிறந்த ஆட்டக்காரனை என்பிஏ அணி ஜனவரியில் கூப்பிட்டுக்கொள்ளும். அடுத்தவன் பிப்ரவரியில் போவான். மூன்றாமவன் சம்பளம் போதவில்லை என்று ஐரோப்பாவுக்கோ சீனாவுக்கோ கிளம்புவான். அதாவது, நன்றாக ஆடும் அணிக்குத் தண்டனை ஆள் குறைவது. இந்த லீக்கின் கோச்சுகள் ஆட்டத் திட்டம் எழுதுவதைவிட நாளைக்கு யார் இருப்பார்கள் என்று பார்ப்பதில்தான் அதிக நேரம் செலவழிப்பார்கள் என்பது என் நம்பிக்கை. ஆர்லாண்டோவில் அது பெருமளவு நின்றது. சீசனே ஒரு மாதம்தான். உள்ளே வரவும் வெளியே போகவும் தனிமைப்படுத்தலும் தினசரிப் பரிசோதனையும் குறுக்கே நின்றன. பயணம் இல்லை, கிட்டத்தட்ட ஒன்று விட்டு ஒரு நாள் ஆட்டம், மிச்ச நேரம் ஹோட்டல். ஆகவே ஒரு வகையில் அந்த 15 ஆட்டங்களின் அணிகள், வழக்கமான 50 ஆட்டங்களின் அணிகளைவிட நிலையானவை. குறுகிய சீசன் என்பதால் மட்டமான சீசன் என்று முடிவு கட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பதினோரு கிளப் வராததால் இடங்கள் குறைந்தன, அதனால் இருக்கும் இடங்களுக்குப் போட்டி கூடியது என்றும் சொல்லலாம். இது என் வாதம். எண்ணால் நிரூபிக்க முடியாது.

வராத கிளப்புகளின் ஆட்கள் வேறு அணியின் பனியனைப் போட்டு ஆடினார்கள். இதில் எனக்குப் பிடித்த கதை மமாடி டியாகிடேவுடையது. அவர் ஒப்பந்தம் மில்வாக்கி பக்ஸோடு. மில்வாக்கியின் ஜி லீக் கிளப்பான விஸ்கான்சின் ஹெர்ட் அந்த வருடம் ஆட வரவில்லை. அவரை லேக்லேண்டுக்குக் கடன் கொடுத்தார்கள். மார்ச்சில் அங்கே சாம்பியன். ஜூலையில் மில்வாக்கி என்பிஏ கோப்பையை வென்றபோது அந்த அணியிலும் அவர் பெயர் இருந்தது. ஒரே வருடத்தில் இரண்டு லீக்கின் பட்டமும், இரண்டு வெவ்வேறு நிர்வாகத்தின் கீழ்.

இப்போது உங்கள் இரண்டாவது வரிக்கு வருகிறேன். எண்களை எவ்வளவு நம்பலாம்? முதலில் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கார்டு, அதாவது வளையத்துக்கு வெளியே நின்று பந்தை நடத்தும் ஆட்டக்காரன், ஆட்டத்துக்கு நாலு மூன்று-பாயிண்ட் ஷாட் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 15 ஆட்டத்தில் 60. அதில் 24 விழுந்தால் 40 சதவீதம், எல்லா அணியும் தேடும் ஷூட்டர். 20 விழுந்தால் 33 சதவீதம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நடுவில் இருப்பது வெறும் நாலு பந்து, ஒரு மாதத்தில் நாலு பந்து. வளையத்தில் பட்டு உள்ளே போவதும் வெளியே போவதும் அந்த நாலைத் தீர்மானிக்கும். ஆகவே அந்த சீசனின் ஷூட்டிங் சதவீதத்தை வைத்து யாரைப் பற்றியும் நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), தடுப்பாட்டம், பந்தைத் தட்டிப் பறிப்பது இவையெல்லாம் கொஞ்சம் பரவாயில்லை; அவை ஆளின் உயரம், கைநீளம், பழக்கம் சம்பந்தப்பட்டவை, ஆட்டத்துக்கு ஆட்டம் அவ்வளவு ஆடாது.

ஃப்ரீ த்ரோ எண்களில் இன்னொரு சிக்கல். 2019-20இலிருந்து ஜி லீக்கில் ஒரு தனி விதி உண்டு: இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கும் ஃபவுலுக்கு ஒரே ஒரு த்ரோதான், போட்டால் இரண்டு பாயிண்ட், மூன்று கிடைக்க வேண்டிய இடத்திலும் ஒன்றுதான், அது மூன்று பாயிண்ட். நாலாவது குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்திலும் கூடுதல் நேரத்திலும் மட்டும் வழக்கமான முறை. ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்தது. நடுவராக இருந்தவனுக்கு இது ரொம்ப சுவாரசியம். பயிற்சியில் என் பையன்களிடம் ஒருமுறை இதைப் போட்டுப் பார்த்தேன். முதல் த்ரோ தவறினால் இரண்டாவதில் சரி பண்ணலாம் என்ற நிம்மதி போனதும், வழக்கமாகப் போடுபவன்கூட கோட்டில் நின்று பந்தை ஏழெட்டு முறை தட்டினான். நேரம் மிச்சமானது என்னவோ உண்மை, ஆனால் நான் நினைத்த அளவுக்கு இல்லை! விதியை நான் ஆதரிக்கிறேனா என்று கேட்டால், இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் ஜி லீக்கின் ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை என்பிஏ எண்ணிக்கையோடு நேருக்கு நேர் வைத்துப் பேசுபவர் யாராக இருந்தாலும், இந்த விதியைக் கேள்விப்படாதவர் என்று அர்த்தம்.

இந்த லீக் ஆட்களை மட்டும் வளர்ப்பதில்லை, விதிகளையும் இங்கேதான் முதலில் வளர்த்துப் பார்க்கிறார்கள். தாக்கும் அணியே ரீபவுண்டைப் பிடித்தால் ஷாட் போட மிச்சமுள்ள நேரத்தைக் காட்டும் ஷாட் கிளாக்கை 24க்குப் பதில் 14 விநாடிக்குத் திருப்புவதை 2018-19இல் என்பிஏ ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே இங்கே ஆடிப் பார்த்தாயிற்று. நடுவர் முடிவை கோச் எதிர்த்துக் கேட்கும் முறையும் அப்படித்தான். மேலே விசில் ஊதப்போகும் நடுவர்களும் இங்கேதான் பழகுகிறார்கள். ஒரு சீசன் குறுகியதா நீண்டதா என்று பார்க்கும்போது இந்த வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எண்களைத் தள்ளிவைத்துவிட்டு ஆட்களைப் பின்தொடர்ந்தால் அந்த சீசன் வேறு மாதிரி தெரிகிறது. சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் சிறந்த புதுமுகம் விருதும் டெலவேரின் பால் ரீடுக்குப் போனது. என்பிஏ அணிகள் முறைவைத்துப் புது ஆட்களை எடுக்கும் டிராஃப்டில், 2020இல் 60 பேரில் 58ஆவதாக எடுக்கப்பட்டவர். அதன் பிறகு 2024 வரை டெலவேரின் மேல் அணியான பிலடெல்பியாவில் நட்சத்திர ஆட்டக்காரர் ஜோயல் எம்பீடுக்கு மாற்று சென்டராக இருந்தார். நட்சத்திரம் ஆகவில்லை, ஆனால் 58ஆவது இடத்தில் வந்தவர் அவ்வளவு காலம் நிற்பதே பெரிது. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது ராப்டர்ஸ் 905இன் இளைய கேரி பேட்டனுக்கு. பிரபல அப்பாவின் மகன், 2016 டிராஃப்டில் யாரும் எடுக்காதவர், பல வருடம் அணிக்கு அணி தாவிக்கொண்டிருந்தவர். ஏப்ரல் மாதம் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அவரைப் பத்து நாள் ஒப்பந்தத்தில் எடுத்தது. அதே வாரியர்ஸ் தன் இளம் கார்டு ஜோர்டன் பூலைப் பிப்ரவரியில் தன் ஜி லீக் கிளப்பான சாண்டா க்ரூஸ் வாரியர்ஸோடு ஆர்லாண்டோவுக்கு அனுப்பியிருந்தது. முதல் வருடத்தில் அவர் போட்ட ஷாட்களில் மூன்றில் ஒன்றுதான் விழுந்தது, நம்பிக்கை சரிந்திருந்த பையன். திரும்பி வந்தபின் ஆடும் நேரம் கூடிக்கொண்டே போனது. இக்னைட்டில் ஆடிய ஜோனதன் குமிங்காவை அந்த வருட டிராஃப்டில் ஏழாவதாக எடுத்ததும் வாரியர்ஸ்தான். 2022 ஜூனில் அந்த அணி என்பிஏ சாம்பியன் ஆனபோது, பூல், பேட்டன், குமிங்கா மூவரும் அதில் இருந்தார்கள். பதினாறு மாதத்துக்கு முன் மூவரும் மூன்று வேறு அணிகளுக்காக ஒரே வளாகத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஆர்லாண்டோ இல்லாவிட்டால் இவர்கள் வந்திருக்க மாட்டார்களா? தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், அப்படி நிறுவ வழியே இல்லை. குமிங்கா எங்கே ஆடியிருந்தாலும் முதல் சுற்றில் போயிருப்பார். பேட்டன் விஷயத்தில், சரியான நேரத்தில் கண்ணில் பட்டார் என்பது என் ஊகம். பூலுக்குத்தான் அந்த வாரங்கள் நிஜமாகவே உதவின என்று நினைக்கிறேன். தவறினால் உடனே பெஞ்சுக்குப் போக வேண்டும் என்ற பயமில்லாமல் தொடர்ந்து ஷாட் போட ஓர் இடம் வேண்டும், அது கிடைத்தது. பள்ளி அணியிலேயே இதைப் பார்த்திருக்கிறேன்: முதல் அணியில் மூன்று நிமிடம் ஆடும் பையனை இரண்டாவது அணியில் முப்பது நிமிடம் ஆடவிட்டால் ஒரு பருவத்தில் வேறு ஆளாக வருவான். ஆனால் என்னிடம் அப்படி வராத பையன்களும் நாலைந்து பேர் உண்டு.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். சாண்டா க்ரூஸில் தைவான் வம்சாவளி அமெரிக்கரான ஜெரமி லின்னும் ஆடினார். 2012இல் நியூயார்க்கையே கிறுகிறுக்க வைத்தவர், 2019இல் டொரன்டோவோடு கோப்பை வென்றவர், சீனாவில் ஒரு சீசன் ஆடிவிட்டு 32 வயதில் மறுபடி கதவைத் தட்டினார். ஆட்டத்துக்குச் சராசரி 19.8 பாயிண்ட், 6.4 அசிஸ்ட். எந்த என்பிஏ அணியும் கூப்பிடவில்லை. ஆடுகளத்தில் தன்னை "கொரோனா வைரஸ்" என்று அழைத்ததாக அவர் எழுதியது அந்த மாதத்தில்தான். லீக் விசாரித்தது, சொன்னவர் பெயரை வெளியிட அவர் மறுத்துவிட்டார். நன்றாக ஆடினால் மேலே போகலாம் என்ற வாக்குறுதி எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. இருபது வயதுக்காரன் 20 பாயிண்ட் போட்டால் அது முதலீடு, முப்பத்திரண்டு வயதுக்காரன் போட்டால் அது செய்தி, அவ்வளவுதான்.

இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் டெவின் கேனடியின் கதை இன்னும் கஷ்டமானது. பிரின்ஸ்டனில் படித்தவர், டிராஃப்டில் எடுக்கப்படாதவர். லேக்லேண்ட் ஜெயித்ததும் மேலே உள்ள ஆர்லாண்டோ மேஜிக் அவரைப் பத்து நாள் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. இந்த லீக் எதற்காக இருக்கிறதோ அது அப்படியே நடந்தது. ஏப்ரல் கடைசியில், இந்தியானாவுக்கு எதிரான ஆட்டத்தில், கணுக்கால் உடைந்து ஸ்ட்ரெச்சரில் போனார். அந்தக் காட்சியை இரண்டாவது முறை பார்க்க என்னால் முடியவில்லை. மறு வருடமும் ஆர்லாண்டோ அவரைக் கூப்பிட்டது என்பது கொஞ்சம் ஆறுதல். சாம்பியன் அணியின் கோச் ஸ்டான் ஹீத்தும் அதே ஏப்ரலில் ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்குப் போய்விட்டார். கோப்பை வாங்கி ஐந்து வாரத்தில் கோச் இல்லை.

இக்னைட் பற்றித் தனியாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட்டால் அந்த சீசன் முழுமையாகாது. முதல் நாள் ஆட்டத்திலேயே சாண்டா க்ரூஸை 109-104 என்று ஜெயித்தார்கள். கோச் பிரையன் ஷா. பையன்களோடு ஜாரெட் ஜாக், அமீர் ஜான்சன் போன்ற பழைய என்பிஏ ஆட்களையும் வைத்திருந்தார்கள். 8 வெற்றி, 7 தோல்வி. காலிறுதியில் ராப்டர்ஸ் 905இடம் போனார்கள். ஜேலன் கிரீன் அந்த வருட டிராஃப்டில் இரண்டாவதாக ஹூஸ்டனுக்குப் போனார். ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. அதே அணியின் டைஷன் நிக்ஸ் டிராஃப்டில் எடுக்கப்படவே இல்லை. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. அதன்பின் பணத்துக்காக இக்னைட்டுக்கு வர வேண்டிய அவசியம் குறைந்தது, 2023-24 சீசனோடு அணியை மூடிவிட்டார்கள். அந்த அணியை ஒரு மாதம் மட்டும் பார்த்துவிட்டு இதுதான் எதிர்காலம் என்று அன்றைக்கு ஒரு குழுவில் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

நம் நாட்டுத் தொடர்பும் அங்கேதான் இருக்கிறது. இக்னைட்டில் பஞ்சாபைச் சேர்ந்த பிரின்ஸ்பால் சிங் இருந்தார், டெல்லி அருகே உள்ள என்பிஏ அகாடமியில் பயின்றவர். அவருக்கு முன் சத்னம் சிங், 2015இல் டல்லாஸ் எடுத்த பின், இதே லீக்கில் டெக்சாஸ் லெஜண்ட்ஸுக்கு ஆடினார். அம்ஜோத் சிங் 2017-18இல் ஓக்லஹோமா சிட்டி புளூவுக்கு ஆடினார். பிரின்ஸ்பாலுக்கு ஆர்லாண்டோவில் கிடைத்தது சொற்ப நிமிடங்கள்தான். அதைச் சாதனை என்று ஊதிப் பெருக்கிய பத்திரிகைகளும் உண்டு, வீண் என்று உதறியவர்களும் உண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. கிரீன், குமிங்கா மாதிரி ஆட்களோடு தினமும் பயிற்சியில் மோதுவது நம் ஊரில் எந்த முகாமிலும் கிடைக்காது. அதே வருடக் கோடையில் சேக்ரமெண்டோ கிங்ஸின் சம்மர் லீக் (இளம் ஆட்களைப் பரிசோதிக்கும் கோடைப் போட்டி) அணி பட்டம் வென்றபோது அவர் அதில் இருந்தார்.

உங்கள் பட்டியல் விஷயத்துக்கு நேரான பதில்: லேக்லேண்டைச் சேருங்கள், பக்கத்தில் "15 ஆட்டம், ஒரே இடம், 18 அணி" என்று ஒரு குறிப்பு போடுங்கள். வீரர்களின் சராசரிகளை மற்ற வருடங்களோடு ஒரே நிரலில் வைக்காதீர்கள். கிளப் பெயர்களிலும் கவனம் வேண்டும், இந்த லீக்கில் ஊர் மாறுவது சகஜம். லேக்லேண்ட் கிளப்பே 2017 வரை பென்சில்வேனியாவின் ஈரி நகரில் பேஹாக்ஸ் என்ற பெயரில் இருந்தது, 2023இல் ஓசியோலா மேஜிக் ஆனது. ஈரியில் அதன் பிறகு அதே பேஹாக்ஸ் பெயரில் வேறு இரண்டு அணிகள் அடுத்தடுத்து ஆடின. அவற்றில் இரண்டாவதும் ஆர்லாண்டோ சீசன் முடிந்ததும் பர்மிங்ஹாமுக்குப் போனது. ஒஹையோவின் கேன்டன் சார்ஜும் அப்படியே கிளீவ்லேண்டுக்குப் போனது. இந்த இரண்டு ஊர்க்காரர்களும் தங்கள் அணியின் கடைசி சீசனை ஃப்ளோரிடாவிலிருந்து வந்த படத்தில்தான் பார்த்தார்கள், காலி நாற்காலிகளுக்கு முன்னால்.